கொல்லையில் ஒரு களம்

விக்கிரமங்கலத்துப் பக்கம் கொல்லையில் களம் போடுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். களைக்கொத்தால் புல்லை வேரோடு செதுக்கி, மண்ணைக் கொத்தித் தண்ணீர் தெளித்து ஓரிரவு ஊறவிடுகிறார்கள். மறுநாள் திமிசுக்கட்டை இறங்குகிறது. முதலில் தொம் தொம்மென்று மெத்தென ஒலிக்கும் மண், இறுக இறுகக் குரல் மாறி டக்கென்று பதில் சொல்லும். அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் கையை நிறுத்துவார் இடிக்கும் பெரியவர். மட்டம் பார்க்க ஒரு செம்புத் தண்ணீர் போதும். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பள்ளம். 

பிறகு சாணம். கரைத்த சாணியைக் கையால் அரைவட்டம் அரைவட்டமாக இழுத்துப் பின்னோக்கியே நகர்கிறார் ஒரு பெண்; அவர் காலடி எங்கும் பதிவதில்லை. கரும்பச்சை மெல்ல வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வருகிறது. காய்ந்த களத்தில் வெறுங்காலோடு நின்றால் சொரசொரப்பும் இல்லை, வழுக்கலும் இல்லை. எள்ளைக் கொட்டினால் சரசரவென்று பரவுகிறது. கூட்டி அள்ளும்போது மண் ஒட்டுவதில்லை. ஈரம் காயுமுன் குறுக்கே போன கோழியின் கால்தடம் மட்டும் ஓரத்தில் அப்படியே கிடக்கிறது.