‘ஏற்கத்தக்க பணிநிலை’: ஒரு தொடரின் பொருளெல்லை

பசிபிக் வட்டாரப் பங்காளித்துவ உடன்படிக்கை (சிபிடிபிபி) மலேசியாவிற்கு 29.11.2022இல் நடைமுறைக்கு வந்தது. சம்பளம், வேலைநேரம், தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரம் ஆகியவற்றில் ‘ஏற்கத்தக்க பணிநிலை’யைச் சட்டத்தால் நிலைநிறுத்துமாறு அதன் 19ஆம் அத்தியாயம் பணிக்கின்றது. மேலோட்டமாக வாசிப்பார்க்கு இது தொழிலாளரின் அரணாகவே தோன்றும். அடிக்குறிப்போ, ஏற்கத்தக்கது எதுவென அந்தந்த நாடே தீர்மானிக்கும் என்கிறது. நூற்பாவினும் உரையே ஆட்சி செய்வது தமிழ் கற்பார்க்குப் புதிதன்று.

‘வணிகத்தைப் பாதிக்கும் வகையில்’ என்னும் அடை இதனினும் கொடிது. இத்தகைய அடையின் விளைவை, மத்திய அமெரிக்க உடன்படிக்கையின்கீழ் குவாத்தமாலா மீது அமெரிக்கா தொடுத்த வழக்கில் காணலாம். 8 பணியிடங்களில் 74 தொழிலாளர் தொடர்பில் தொழிற்சட்டம் செவ்வனே அமலாக்கப்படவில்லை என்பதை 2017இல் நடுவர் குழு ஒப்புக்கொண்டது. ஆயினும் வணிகம் பாதிக்கப்பட்டமை போதிய அளவு மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, உடன்படிக்கை மீறலை ஏற்க மறுத்தது. தொழிலாளிக்கு நேர்ந்த தீங்கு அங்கே அளவுகோலாகவில்லை. சந்தைக்கு நேர்ந்த பாதிப்பே அளவுகோலாயிற்று.

நம் நாட்டின் பட்டறிவு வேறு. 1991இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தபின்னரே 1994ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. தோட்டப்புறப் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்த பாராகுவாட் நஞ்சின்மீது 2002இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் அது தளர்த்தப்பட்டு, 2020இல்தான் முழுத்தடை வந்தது. இவை இரண்டும் இவ்வுடன்படிக்கை மலேசியாவிற்கு நடைமுறைக்கு வருவதற்கு முந்தியவை. ஏற்றுமதியாகும் செம்பனையில் உழைப்பவர்க்கு இவ்வடை சிறிதேனும் இடந்தரலாம். உள்ளூர்க் கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுபவர்க்கு எந்தத் தொடரில் இடம்?