துணைத் துப்பாக்கியா? பொறிக் கைத்துப்பாக்கியா?

மலாயாவின் அவசரகாலத்தை (1948–1960)ப் பற்றித் தமிழில் வரும் கதைகளிலும் நினைவுக் கட்டுரைகளிலும் ஒரு குறை தொடர்ந்து காணப்படுகிறது. காட்டிலிருந்து வருவோன் கையில் இருப்பது எதுவாயினும் அதற்கு ‘இயந்திரத் துப்பாக்கி’ என்றே பெயர். சற்று ஆய்ந்தெழுதுவோர், ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துத் ‘துணை இயந்திரத் துப்பாக்கி’ என்பர். இரண்டும் பொருந்தா என்பதே நம் கருத்து.

இக்கருவியின் பிறப்பை நோக்குவோம். முதல் உலகப் போரின் இறுதியாண்டாகிய 1918-இல், பதுங்கு குழிகளுக்குள் பாய்ந்து போரிடும் ஜெர்மானிய வீரருக்கென ஹூகோ ஷ்மைசர் வகுத்து, பெர்க்மன் தொழிற்சாலை செய்தளித்தது எம்.பி. 18. கைத்துப்பாக்கிக்குரிய 9 மில்லிமீட்டர் தோட்டாவை இடைவிடாது சுடுவதே அதன் தன்மை. ஆதலின் ஜெர்மானியர் அதற்குப் ‘பொறிக் கைத்துப்பாக்கி’ எனப் பொருள்படும் பெயரை இட்டனர். ஆங்கிலப் பெயரின் முன்னொட்டோ ‘சிறிய’ என்பதையே குறிக்கும். தமிழில் ‘துணை’ என்றால் உதவியாக உடனிருப்பது. துணைத் தலைமையாசிரியர் என்பதுபோல் துப்பாக்கிக்கு ஒரு துணையா?

எம்.பி. 18-இன் வழிவந்தது எம்.பி. 28. அதனைப் பின்பற்றி ஆங்கிலேயர் செய்தது லான்செஸ்டர். அதனினும் எளிதாய், மலிவாய் 1941-இல் உருவானது ஸ்டென். தோட்டாக் கூடு இடப்புறம் நீட்டிக்கொண்டிருப்பது இக்குடும்பத்தின் அடையாளம். ஜப்பானியரை எதிர்த்த கொரில்லாப் படையினருக்கு 136-ஆம் படையினர் வானிலிருந்து இறக்கிய ஆயுதங்களுள் ஸ்டென்னும் ஒன்று. 1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டபோது ஆயுதங்கள் யாவும் திரும்பி வரவில்லை. 1948-க்குப் பின் இரு தரப்பார் கையிலும் ஸ்டென் இருந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு ஒன்று கூறுவோம். கைத்துப்பாக்கித் தோட்டாவை ஏறத்தாழ 100 மீட்டருக்கு அப்பால் நம்ப இயலாது. மலையுச்சியில் நின்று, தோட்டத்துச் சாலையில் போகும் லாரியை ஸ்டென்னால் வீழ்த்துவதாக எழுதுவது பொருந்தாக் கற்பனை. இஃது அண்மையின் கருவி. சுடுவோனும் சுடப்படுவோனும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பர். சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16-இல் மூன்று துரைமார் கொல்லப்பட்டதும் எட்ட இருந்து அன்று. கிட்ட வந்தே சுட்டனர். இரவில் லயத்துக் கதவைத் தட்டி அரிசி கேட்டவன், பலவேளை தெரிந்த முகமாகவும் இருந்தான். கொடுத்தால் அரசுக்குக் குற்றவாளி. மறுத்தால் காட்டுக்குப் பகைவன். பால்மரத் தொழிலாளியின் அச்சம் இந்த நெருக்கத்தில் விளைந்தது. தொலைவிலிருந்து முழங்கும் பீரங்கிபோல் துப்பாக்கியை வருணிக்கும் கதையில் இவ்வச்சத்துக்கு இடமேயில்லை.

அக்காலத்தைக் கண்டோர் அருகி வருகின்றனர். தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டுவிட்டன. இனி வரும் மாணவர்க்கு இக்கதைகளே வரலாறாகும். ஆகவே கட்டுரையில் ‘பொறிக் கைத்துப்பாக்கி’ என்றும், பாத்திரங்களின் பேச்சில் ‘ஸ்டென்’ என்றும் எழுதுதல் நன்று. கதையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள், அதில் வரும் துப்பாக்கி எவ்வளவு தொலைவில் சுடப்படுகிறது என்பதையும் மாணவரைக் கேட்பார்களாக.