மானி ஆடுகிறது, விசிறி அலறுகிறது

மடிக்கணினியில் பாட்டோ பாடமோ பதிவு செய்து பார்த்த வாசகர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. ஒலிக் கலவை மென்பொருளைத் திறந்து சில நிமிடங்கள்கூட ஆகியிராது. இயந்திரம் சூடேறும், உள்ளிருக்கும் விசிறி இரையத் தொடங்கும். அந்த இரைச்சலையும் ஒலிவாங்கி விட்டுவைப்பதில்லை! "கணினிக்குச் சக்தி போதாது, புதிதாக வாங்குங்கள்" என்பார் கடைக்காரர். பல சமயங்களில் குற்றம் கணினியின் மேல் அன்று. மென்பொருளை வடிவமைத்தவர்கள் மேல்தான். ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் காண்போம்.

ஒலியைக் கணினி எண்களாகவே அறியும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுப்பது பதிவுத் துறையில் வழக்கம். 16 தடங்களைக் கலந்தால் நொடிக்கு 7,68,000 எண்கள். இவற்றைப் பெருக்கிக் கூட்டி வடிகட்டுவது இன்றைய மையச் செயலகத்துக்குப் பெரும் பாரமன்று. இனித் திரையைப் பாருங்கள். அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 என மொத்தம் 20,73,600 புள்ளிகள். இதை நொடிக்கு 60 முறை முழுவதுமாக வரைந்தால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளாகும். ஒலி எண்களைப் போல் 162 மடங்கு!

அதுவும் ஒரு புள்ளி ஒருமுறையா தீட்டப்படுகிறது? மரப்பலகை, அதன்மேல் உலோகத் தகடு, குமிழ், குமிழின் நிழல், கண்ணாடிப் பளபளப்பு என்று அடுக்கடுக்காகத் தீட்டுகிறார்கள். எதையும் பிணைக்காத திருகாணிகள் வேறு! ஜி.பி.யு. எனப்படும் வரைகலைச் செயலகம் இத்தனையையும் செய்து முடிக்கும். ஆனால் மின்சாரத்தைச் செலவழித்து, வெப்பத்தை வெளியிட்டே செய்யும். உண்மையில் கணத்துக்குக் கணம் மாறுபவை மானியின் ஒல்லியான பட்டைகளே. மாறிய இடத்தை மட்டும் திரும்ப வரைவது வரைகலையில் பழைய பாடம்.

அந்தப் பட்டைகளும் நொடிக்கு 60 முறை மாறத்தான் வேண்டுமா? 1939-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடமும், சி.பி.எஸ்., என்.பி.சி. என்ற வானொலி நிறுவனங்களும் சேர்ந்து வி.யு. மானியை உருவாக்கின. அதன் முள் உரிய அளவை எட்ட 0.3 நொடி எடுத்துக்கொள்ளும். அது குறையன்று, கண் படிக்கவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே வைத்த நிதானம்.

"திடீர் உச்சம் தவறிவிடுமே" என்பது மறுதரப்பின் வாதம். நியாயமான கவலைதான். ஆனால் 60 முறை வரைந்தாலும் இரு படங்களுக்கிடையே 800 மாதிரிகள் ஓடிவிடுகின்றன. அவற்றுள் பெரியதைக் கணக்கிட்டுத்தான் காட்டியாக வேண்டும். 20 முறை வரைந்தால் 2,400 மாதிரிகளுள் பெரியது, அவ்வளவே வேறுபாடு. உச்சத்தைப் பிடிப்பது கணக்கு, படமன்று.

வெறும் மின்சார வீணடிப்பு என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பல மடிக்கணினிகளில் மையச் செயலகத்துக்கும் வரைகலைச் செயலகத்துக்கும் வெப்பம் போக்கும் வழி ஒன்றே. ஒன்று சூடேறினால் மற்றதன் வேகத்தையும் குறைக்க நேரிடும். 256 மாதிரிகள் கொண்ட ஒலித் தொகுதியை 5.3 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் 'டிக்' என்ற ஓசை பதிவில் விழும். அலங்காரத்துக்கான விலையை இசை கொடுக்கிறது.

ரீப்பர் என்னும் மென்பொருளில் மானி நொடிக்கு எத்தனை முறை மாறவேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரே குறிக்க இயலும். இது எல்லா மென்பொருள்களிலும், தேடாமல் கண்ணில் படும் இடத்தில், இருக்கவேண்டிய வசதி. உங்களுடையதில் இல்லையெனில் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மென்பொருளின் சாளரத்தைச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். பாட்டு நில்லாமல் ஓட, விசிறி மட்டும் அடங்கினால், சூடேற்றியது ஒலியா ஓவியமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.