அரிஸ்டாட்டிலை மஞ்சளாற்றங்கரையில் படிப்பது எப்படி

மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டே பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் திறப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். மனம் சோர்ந்திருக்கும்போது தெம்பூட்டும் வரிகளோ, காலையில் எழுந்ததும் செய்யவேண்டிய பயிற்சிகளோ அவர்களிடம் கிடைக்காது. அவர்கள் எழுப்பிய கேள்வி வேறு. ஒரு மனிதரின் வாழ்க்கையை முழுசாக எடுத்து வைத்துப் பார்த்தால், அது நன்றாக வாழப்பட்ட வாழ்க்கைதானா, எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறோம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடி ஏறத்தாழ எல்லாக் கிரேக்கச் சிந்தனைப் பள்ளிகளும் ஒரே திசையில்தான் நடந்தன. நற்பண்பு என்பது நல்வாழ்வுக்காகக் கட்டும் கட்டணம் அல்ல, நல்வாழ்வின் பெரும்பகுதியே நற்பண்போடு செயல்படுவதுதான் என்றார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு படித்தால் வறட்டு நூலாகத் தெரிந்தது உயிர் பெறும். அதைச் சோதித்துப் பார்க்கத் தேனி மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

எங்கே தொடங்குவது? பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில். அங்கே கிளாக்கன் என்ற இளைஞன் ஒரு கதை சொல்கிறான். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அந்தத் துணிச்சலில் அவன் அரசியை மயக்கி, அரசனைக் கொன்று, நாட்டையே பிடித்துக்கொள்கிறான். நேர்மையானவன் என்று பேர் வாங்கியவன் கையில் இதே மோதிரத்தைக் கொடுத்தால் அவனும் இதைத்தானே செய்வான் என்பது கிளாக்கனின் வாதம். தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டிப் பக்கம் மந்திர மோதிரம் தேவையில்லை, இருட்டே போதும். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிவரும் மஞ்சளாற்றுத் தண்ணீர் இங்கே வயலுக்குப் பாய்கிறது. 57 அடி உயரமுள்ள மஞ்சளாறு அணை ததும்பும் ஆண்டில் யாருக்கும் சோதனை இல்லை. தண்ணீர் குறைந்து முறை வைத்து விடும் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு. வாய்க்கால் ஓரத்தில் ஒரே ஆள், கையில் மண்வெட்டி. நான்கு வெட்டு வெட்டினால் அடுத்தவர் முறைத்தண்ணீர் தன் வயலில் விழும். விடிவதற்குள் மடையை அடைத்துவிடலாம், கடைமடைக்காரர் தண்ணீர் வரத்தே குறைவு என்று நினைத்துக்கொள்வார். இந்த ஆள் ஏன் மண்வெட்டியைத் தோளிலேயே வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும்? கிளாக்கனின் கேள்வியை இந்த அளவுக்குத் தன் ஊர்க் கேள்வியாக மாற்றிக்கொள்ளாதவருக்கு 'குடியரசு' நூலின் மீதி எட்டுப் பகுதிகள் வெறும் பேச்சாகவே இருக்கும்.

பிளேட்டோவின் பதிலைச் சுருக்கமாகச் சொல்லலாம். வெட்டியவன் தண்ணீரை அடைந்தான், ஆனால் தன்னுள் எது எதை ஆளவேண்டும் என்ற ஒழுங்கை இழந்தான். ஆசை முதலாளியாகவும் அறிவு கூலியாளாகவும் ஆகிவிட்ட மனத்துக்கு எத்தனை ஏக்கர் விளைந்தாலும் நல்வாழ்வு கிடையாது. கேட்பதற்கு அழகான பதில்தான். ஆனாலும், அந்த ஒழுங்கு ஒரு மனிதனுக்கு எப்படி வந்துசேர்கிறது என்று கேட்டால் பிளேட்டோவைவிட அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் நமக்குப் பக்கத்தில் நிற்கிறார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவர் கொத்தனார் ஆகிறார், அதுபோல நியாயமாக நடந்து நடந்துதான் நியாயவான் ஆகிறார் என்பது அவர் கட்சி. அப்படியானால் நள்ளிரவில் அந்த ஆள் திரும்பிப் போனது அந்த ஒரு கணத்தில் எடுத்த முடிவு அல்ல. பத்து வயதில் அப்பாவோடு வரப்பில் நின்றது தொடங்கி, அதுவரை அவர் செய்த நூறு சின்னக் காரியங்கள் அந்த இரவில் அவருக்காக முடிவெடுத்திருக்கின்றன. இன்னும் ஒரு படி மேலே போகிறார் அரிஸ்டாட்டில். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புகிறவர் தன்னை அடக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். அடுத்தவர் முறையை எடுப்பது பற்றிய எண்ணமே இல்லாமல், நியாயமாக நடப்பதில் நிறைவு கண்டு திரும்புகிறவரே பண்பாளர். நற்பண்பும் இன்பமும் தையல் தெரியாமல் ஒட்டியிருக்கும் இடம் இதுதான். இந்த இடத்தில் நூலைக் கீழே வைத்துவிட்டு, நமக்குத் தெரிந்தவர்களில் யார் அப்படிப்பட்டவர் என்று சற்று நேரம் யோசிப்பதே உண்மையான ரசனை.

அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கிய அறநூல்' பத்துப் பகுதிகள் கொண்டது. வெளியீட்டுக்காகச் செதுக்கிய உரைநடை அல்ல, பாடக்குறிப்பு போன்றது. தாவும், திரும்பி வரும், பாதியில் விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கும். அதைக் குறையாக எண்ணாமல், ஒருவர் நம் கண்முன் யோசிக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பகுதியில் அவர் செய்வதைக் கவனியுங்கள். ஊரார் என்ன சொல்கிறார்கள் என்றுதான் ஆரம்பிக்கிறார். சிலர் இன்பமே நல்வாழ்வு என்கிறார்கள், சிலர் செல்வம், சிலர் மதிப்பு மரியாதை. ஒவ்வொன்றையும் உரிய மரியாதையோடு எடுத்துத் தட்டிப் பார்க்கிறார். மரியாதையைப் பற்றி அவர் சொல்வது கூர்மையானது. அது பெறுகிறவரைவிடக் கொடுக்கிறவர் கையில் இருக்கும் பொருள், ஆகவே ஒருவரின் நல்வாழ்வு அதுவாக இருக்க முடியாது.

அதே மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல வழக்கைத் தருகிறது. 1841 ஜனவரி 15-இல் பிறந்து 1911-இல் இறந்த பொறியாளர் ஜான் பென்னிகுயிக், மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றைக் காட்டுக்குள் அணை கட்டி மறித்து 1895-இல் கிழக்கே திருப்பிவிட்டார். இன்றும் அவர் பிறந்தநாளில் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறார்கள், வீடுகளிலும் கடைகளிலும் அவர் படம் மாட்டியிருக்கிறது, லோயர் கேம்ப்பில் 2013 முதல் மணிமண்டபம் இருக்கிறது. இறந்து நூறு ஆண்டுக்கு மேலான ஒருவருக்கு இந்தப் பொங்கல் எதையாவது கூட்டுகிறதா? வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். அரிஸ்டாட்டில் இதை முதல் பகுதியிலேயே முழுக் கவனத்தோடு எடுத்துப் பேசுகிறார். இறந்தவர்களை அவர்களின் சந்ததிக்கும் நண்பர்களுக்கும் நேர்வது தொடுமா? தொட்டாலும் மெல்லத்தான் தொடும், நல்வாழ்வு வாழ்ந்தவரை அது இல்லாதவராக்காது, வாழாதவரை வாழ்ந்தவராக்காது என்று முடிக்கிறார். ஆக, மதிப்பிடவேண்டியது பொங்கலை அல்ல, 1887-இலிருந்து 1895 வரை அந்தக் காட்டில் நடந்ததை. கட்டிய சுவரைப் பெருவெள்ளம் அடித்துப் போன பிறகும் மறுபடி கல்லை அடுக்கிய விடாப்பிடியில்தான் அந்த மனிதரின் நல்வாழ்வைத் தேட வேண்டும்.

அவர் இங்கிலாந்தில் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லப்படும் கதையும் இங்கே கவனத்துக்கு உரியது. அதற்கு ஆவணச் சான்று இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டாம். இப்படி ஒரு கதை ஏன் மக்களுக்குத் தேவைப்பட்டது என்பதுதான் சுவையான கேள்வி. பொதுக் காரியத்துக்காகப் பெரும்பொருளைத் தகுதியறிந்து செலவிடும் குணத்துக்கு அரிஸ்டாட்டில் நான்காம் பகுதியில் தனி இடம் ஒதுக்குகிறார். மக்கள் பென்னிகுயிக்கை அந்த இருக்கையில் உட்காரவைத்துப் பார்க்க விரும்பியிருக்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை செய்த அதிகாரியாக அவரை நினைக்க அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு செயல் எந்தக் குணத்திலிருந்து வந்தது என்று தெரியாமல் அதன் நன்மையை முழுதாகச் சொல்ல முடியாது என்ற கிரேக்க எண்ணம், நூல் படிக்காமலேயே இந்த மண்ணில் இருப்பதை அந்தக் கதை காட்டுகிறது.

இனி எதிர்ப்புகள். நல்லவர்கள் அல்லல்படுவதை நாம் பார்க்கவில்லையா? சாக்ரடீஸே கி.மு. 399-இல் நஞ்சு குடித்துச் செத்தார். இதற்கு ஸ்டோயிக்குகள் என்ற பள்ளியினர் தந்த பதில் கறாரானது. நற்பண்பு ஒன்றே போதும், நோயும் வறுமையும் சாவும் நல்வாழ்வைத் தொட முடியாது என்றார்கள். அரிஸ்டாட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. டிராய் நகரின் பிரியம் அரசன் முதுமையில் பிள்ளைகளையும் நாட்டையும் இழந்ததைக் குறிப்பிட்டு, அப்படிப்பட்ட முடிவைக் கண்டவரை யாரும் நல்வாழ்வு பெற்றவர் என்று சொல்லமாட்டார்கள் என்கிறார். ஆனாலும் பண்புள்ளவர் இழிந்த நிலைக்கு இறங்கமாட்டார், கையில் உள்ளதை வைத்துச் செய்யக்கூடிய சிறந்ததைச் செய்வார் என்றும் சேர்க்கிறார். ஸ்டோயிக்குகளின் பதில் கம்பீரமானது. அரிஸ்டாட்டிலின் பதில் உண்மையானது. மழை பொய்த்த ஆண்டில் வயலைக் கருகவிட்ட ஒருவரிடம் போய் உன் நற்பண்பு உன்னிடமே இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது.

தன் நல்வாழ்வுக்காக நல்லவனாக இருப்பது சுயநலம்தானே என்பது இரண்டாவது எதிர்ப்பு. இதற்கு அரிஸ்டாட்டிலின் அறநூலில் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளைப் படிக்க வேண்டும். பத்தில் இரண்டு முழுப் பகுதிகளை அவர் நட்புக்கே கொடுத்திருக்கிறார், அந்த அளவே ஒரு பதில். பயனுக்கான நட்பு, இன்பத்துக்கான நட்பு, குணத்துக்கான நட்பு என்று பிரித்து, கடைசி வகையில் நண்பரின் நன்மையை அவருக்காகவே விரும்புவதைக் காட்டுகிறார். அப்படி விரும்பத் தெரியாதவர் நல்வாழ்வையே தவறவிட்டவர். நல்வாழ்வுக்குள் பிறர் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்றால் சுயநலம் என்ற குற்றச்சாட்டு எங்கே நிற்கும்? இன்பமே இலக்கு என்று வெளிப்படையாகச் சொன்ன எபிக்கூரஸ்கூட, மெனோக்கியஸுக்கு எழுதிய மடலில், நியாயமும் விவேகமும் இல்லாமல் இன்பமாக வாழ முடியாது என்ற இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார். சில பக்கங்களே உள்ள மடல். அரிஸ்டாட்டிலில் களைத்தவர் இடையில் அதைப் படிக்கலாம்.

திருக்குறள் இருக்க இவர்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இன்பம் அறத்தின் வழியே வருவது என்பதை 'அறன் வலியுறுத்தல்' அதிகாரத்தில் வள்ளுவர் உறுதியாகச் சொல்லிவிட்டார், நடுவு நிலைமைக்கும் ஒழுக்கத்துக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தார். அவர் தருவது முற்றிப் பழுத்த முடிவு. கிரேக்கர்கள் தருவது அந்த முடிவை நோக்கிப் போகும் சண்டை. கிளாக்கன் போல ஒருவன் எழுந்து அறம் முட்டாள்களுக்குத்தான் என்று முகத்துக்கு நேரே வாதாடுவதும், அவனுக்கு எட்டுப் பகுதிகள் நீளத்துக்குப் பதில் சொல்வதும் அவர்களிடம் உண்டு. குறளைப் படித்து வளர்ந்தவர் அந்தச் சண்டைக்குள் வெறுங்கையோடு போவதில்லை. அவர் ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் காரணங்களைத் தேடிப் போகிறார், ஆகவே நம் வாசகருக்கு ரசனை ஒரு பங்கு கூடுதல் என்றே நினைக்கிறேன்.

கடைசி எதிர்ப்புக்கு அரிஸ்டாட்டிலிடம் பதில் கிடையாது, அவரைக் காப்பாற்ற முயலவும் கூடாது. 'அரசியல்' நூலின் முதல் பகுதியில் சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்கிறார். உடலுழைப்பில் வாழ்கிறவருக்கு நற்பண்புக்கான ஓய்வு இல்லை என்றும் அதே நூலில் எழுதுகிறார். பெரியாறு அணைக்குக் கல் சுமந்தவர்களில் பலர் மலேரியாவிலும் மற்ற நோய்களிலும் செத்து அந்தக் காட்டிலேயே புதைந்தார்கள். அவர்களுக்கு மண்டபம் இல்லை, பெயரும் நிலைக்கவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு மறுபடி கல் அடுக்கிய விடாப்பிடி பென்னிகுயிக்கின் குணம் என்றால், அடுக்கிய கைகளுக்கும் அது குணம்தானே? அரிஸ்டாட்டிலின் சொந்த வாதமே, பண்பு செய்யச் செய்ய வருவது என்ற வாதமே, அவருடைய இந்த முடிவைக் கவிழ்க்கிறது. அந்த இடத்தை எட்டியதும் 'அரசியல்' நூலை மூடி வைத்துவிட்டு எபிக்டீட்டஸின் 'கைந்நூல்' என்ற சிறு தொகுப்பை எடுங்கள். அவர் அடிமையாகப் பிறந்தவர், பின்னாளில் விடுதலை பெற்று ஆசிரியர் ஆனவர். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக்கொண்டுதான் அவர் பேச்சைத் தொடங்குகிறார்.