தகட்டுக்குள் ஓர் அலை

எஞ்சினியரிங் டிராயிங் படித்தவர்கள் உருளையின் பரப்பு விரிப்பை ஒருமுறையாவது வரைந்திருப்பார்கள். மதிப்பெண் வாங்கியதும் மறந்திருப்பார்கள். நின்று ரசிக்க வேண்டிய கலை அது. காற்றுக்குழாய் செங்கோணமாகத் திரும்பும் எல்போவைப் பாருங்கள். இரண்டு உருளைகள் 45 பாகையில் வெட்டப்பட்டு அங்கே சேர்கின்றன. விட்டம் 60 மி.மீ. என்றால் (தகட்டின் கனத்தில் நடுவாக அளந்தது) சுற்றளவு 188.5 மி.மீ. வட்டத்தை 12 பங்காக்கி, ஒவ்வொரு புள்ளியின் கோடும் எந்த உயரத்தில் வெட்டுப்படுகிறது என்று முகப்புத் தோற்றத்தில் பார்த்து, அந்த உயரங்களை 188.5 மி.மீ. நீளக் கோட்டின்மேல் வரிசையாக நிறுத்தி முனைகளை இணைத்தால் அசல் சைன் அலை எழுகிறது. நேராகப் போன வெட்டு தாளில் வளைகிறது; தகட்டைச் சுருட்டியதும் அதே வளைவு ஒரே தளத்தில் படிந்துவிடுகிறது. இதன் அழகுக்குக் காரணம் அலங்காரம் அல்ல, நீளத்தில் காட்டும் நேர்மை. சுற்றளவைக் கணக்கிடாமல், வட்டத்தின் 12 நாண்களைக் கவராயத்தால் அளந்து அடுக்கினால் 186.3 மி.மீ.தான் வரும். அந்த இரண்டு மி.மீ. குறைவை இணைப்பில் எந்தச் சுத்தியலாலும் மறைக்க முடியாது.

இதெல்லாம் வெறும் செய்முறை, மென்பொருள் நொடியில் வரைந்துவிடும் என்பார்கள். அலையை வரையும், உண்மைதான். ஆனால் உருளையை எந்தக் கோட்டில் பிளப்பது? குட்டையான கோட்டில் பிளந்தால் பற்றவைப்பு குறையும். ஒரு துண்டைக் குட்டையான கோட்டிலும் மற்றதை நெட்டையான கோட்டிலும் பிளந்தாலோ, ஒரே அலை இரண்டுக்கும் விளிம்பாகி, செவ்வகத் தகடு கழிவின்றித் தீரும். ஓர் இணைப்பு மட்டும் நீளும். எதைப் பெரிதாக மதிப்பது என்பது வேலை தெரிந்தவரின் முடிவு. என்னைக் கேட்டால், விரிப்பின் கலை அந்தப் பிளவுக் கோட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. கோளத்தை விரிக்க முடியாதே, அப்படியானால் இது அரைகுறைக் கலைதானே என்று கேட்கலாம். இழுக்காமல், கிழிக்காமல் கோளத்தைத் தட்டையாக்க இயலாது என்பது காஸ் 1827இல் நிறுவிய தேற்றத்திலிருந்தே கிடைக்கும் முடிவு. ஆகவே கோளத் தொட்டி செய்பவர் இதழ் இதழாக வெட்டி, ஒவ்வோர் இதழையும் அழுத்தி வளைக்கிறார். தன் எல்லை இதுவென்று இத்தனை துல்லியமாக அறிந்த கலையை அரைகுறை என்பது நியாயமில்லை. தட்டையான முகங்கள் மட்டுமே கொண்ட திண்மங்களில்கூட எங்கே வெட்டுவது என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1525இல் வெளியிட்ட வடிவியல் நூலில் அத்தகைய திண்மங்களை விரித்து அச்சிட்டார். குவிந்த திண்மம் எதுவானாலும் விளிம்புகளில் மட்டும் வெட்டி, முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே துண்டாக விரித்துவிடலாம் என்பதற்கு இன்றுவரை நிரூபணமும் இல்லை, மறுப்பும் இல்லை.