பனிமலைச் சித்திரங்கள்: பாவமும் பிரமாணமும்

1860-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துப் பிரசுரகர்த்தரான வில்லியம் லாங்மன், ஆல்ப்ஸ் மலைகளின் காட்சிகளை வரைந்துவரும்படி மரச்செதுக்குச் சித்திரத் தொழிலில் தேர்ந்த இருபது வயது வாலிபர் ஒருவரை அனுப்பிவைத்தார். உயர்ந்த மலைகளை அதுவரை கண்டறியாத எட்வர்டு விம்பர் என்ற அவர், ஐந்தே ஆண்டுகளில், மாட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாகக் கால்வைத்த குழுவில் ஒருவராகவும், இறங்குகையில் கயிறு அறுந்து தோழர் நால்வர் மாண்ட கொடுமைக்குச் சாட்சியாகவும் ஆனார். அந்த விபத்தைப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரே கல்லச்சுச் சித்திரமாக வரைந்தார். சம்பவத்தை அவர் கண்டவரல்லர். எனினும் மனித உடல்கள் பாறையினின்று பாதாளத்தை நோக்கிச் சரியும் அப்படத்தை நெஞ்சு பதறாமல் பார்க்க இயலாது. விம்பரோ, 1871-இல் வெளியான தம் நூலில் கயிறுகளின் படத்தைச் சேர்த்து, தம்மிடமிருந்த மூன்று ரகங்களில் மிக மெல்லியதே அறுந்தது என்பதை வாசகர் தம் கண்ணாலேயே ஒப்புநோக்கி அறியும்படி செய்தார். தோரே அளித்தது பாவம். விம்பர் அளித்தது பிரமாணம். பனிச்சறுக்குக்கும் மலைச் சாகசங்களுக்கும் என்றே வெளிவரும் இன்றைய பத்திரிகைகளின் சித்திரங்களைச் சீர்தூக்கும்போது, இவ்விரண்டில் எதை எவ்விடத்தில் நாடவேண்டும் என்னும் விவேகமே அவற்றின் தரத்தை நிர்ணயிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1972-இல் அமெரிக்காவின் சன் வாலியில் தோன்றிய 'பவுடர்' முதலிய பத்திரிகைகளின் கீர்த்தி பெரும்பாலும் புகைப்படங்களால் விளைந்தது. வெயிலில் தூவி எழும் பனித்துகளையும், அதனூடே பாய்ந்துவரும் வீரனின் வேகத்தையும் காமிரா பிடித்துத் தந்துவிட்ட பிறகு, அதே காட்சியைத் தூரிகையால் மீண்டும் தீட்டுவது வீண் பிரயாசை. ஆனால் காமிரா புகமுடியாத இடங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது பனியின் உட்புறம்.

தெளிந்த குளிர் இரவுகளில் பனிப்பரப்பின்மேல் இறகு போன்ற உறைபனிப் படிகங்கள் வளர்கின்றன. அடுத்த புயல் அவற்றின்மேல் புதுப் பனியைக் குவிக்க, காற்று அப்பனியை இறுக்கிப் பாளமாக்க, ரவை பரப்பிய தட்டின்மேல் பலகையைச் சாய்த்து வைத்தாற்போன்ற ஒரு நிலைமை அந்தச் சரிவில் வாரக்கணக்கில் ஒளிந்து கிடக்கிறது. சறுக்குப் பலகையில் வரும் ஒரே ஒரு மனிதனின் பாரம் அந்த நலிந்த அடுக்கை ஓரிடத்தில் நொறுக்கினால் போதும். பிளவு கணப்பொழுதில் பரவி, சரிவு முழுவதும் பெயர்ந்து ஓடும். புகைப்படத்தில் இவையெல்லாம் வெறும் வெண்மை. குறுக்குவெட்டாக வரைந்த நான்கு சிறு கட்டங்களோ, பக்கம் பக்கமாக எழுதினாலும் மனத்தில் நில்லாத இந்தக் காரண காரியத் தொடர்பை ஒரு பார்வையில் விளங்கவைக்கின்றன. உயிர் காக்கும் ஞானத்தை இவ்வளவு சுருக்கமாக அளிக்கும் சித்திரக்காரரை நான் மனமாரப் போற்றுகிறேன்.

அதே சித்திரக்காரரின் கை பழுதுபடும் இடமும் இதுவே. பாளமாகப் பெயரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலைப்புறங்களில் நிகழ்பவை. காகிதத்தில் 35 டிகிரிக் கோடு மிகச் சாதுவாகத் தோன்றுவதால், அபாயத்தை அபாயமாகக் காட்டவேண்டும் என்ற ஆவலில், ஓவியர் அதை 60 டிகிரிக்கு நிமிர்த்திவிடுகிறார். அவ்வளவு செங்குத்தான இடத்தில் பனி திரளாகத் தங்குவதே அரிது. சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். இத்தகைய படங்களில் ஊறிய வாசகன், மெய்யாகவே ஆளைக் கொல்லக்கூடிய மிதமான சரிவின் முன் நிற்கையில், இது படத்தில் கண்ட பயங்கரம் அன்று என்று நிம்மதி அடைவான். கலைக்காகச் செய்த சிறு மிகை என்று இதை மன்னிக்க என்னால் இயலவில்லை.

மிகை எல்லாமே குற்றம் என்பதன்று. இன்ஸ்ப்ரூக் நகரத்து ஹைன்ரிஹ் பெரானும், 200-க்கும் மேற்பட்ட சறுக்குத் தலங்களின் படங்களைக் கையால் தீட்டிய அமெரிக்கரான ஜேம்ஸ் நீஹூஸும், மலைகளைத் திருப்பியும் வளைத்தும் உயர்த்தியும், எந்த ஒரு கண்ணுக்கும் ஒருசேரப் புலப்படாத முகங்களை ஒரே காட்சியாக அமைத்தார்கள். விமானத்திலிருந்து புகைப்படங்கள் எடுத்து, மலையைப் பல கோணங்களில் ஆராய்ந்த பின்னரே நீஹூஸ் அந்தச் சுதந்திரத்தை மேற்கொண்டார். தலத்தின் எல்லைக்குள், காவலர் கண்காணிக்கும் பாதைகளில், அந்தத் திரிபு வாசகனுக்கு உபகாரமே. ஆனால் காவலற்ற காட்டு மலைகளுக்கு வழிசொல்லும் கட்டுரையில் அதே உத்தியைக் கையாள்வது விபரீதம். வடக்கு முகத்துப் பனி நெடுநாள் நலிந்தே கிடக்க, தெற்கு முகத்துப் பனி வெயிலில் இளகி இறுகிவிடும் இயல்பிருக்க, இரண்டையும் ஒரே பக்கமாகத் திருப்பிக் காட்டும் படம், பிரயாணிக்கு இன்றியமையாத பேதத்தையே அழித்துவிடுகிறது.

2012 பிப்ரவரி 19 அன்று, வாஷிங்டன் மாநிலத்து ஸ்டீவன்ஸ் பாஸ் அருகே மூவரைப் பலிகொண்ட பனிச்சரிவில் 'பவுடர்' ஆசிரியர் ஒருவரும் உடன் இருந்தார். அதைப் பற்றி ஜான் பிராஞ்ச் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதிய நெடுங்கட்டுரைக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. மலையின் அமைப்பையும் பனி ஓடிய வழியையும் காட்டும் அசையும் சித்திரங்கள் அதில் இடம்பெற்றன. தேர்ந்த வீரர்கள் இவ்வளவு பேர் எப்படி இணங்கி இறங்கினார்கள் என்ற கேள்விக்கு எழுத்து விடை தேட, எங்கே, எவ்வளவு தூரம் என்ற கேள்விகளைப் படங்கள் ஏற்றுக்கொண்டன. இந்தப் பங்கீட்டை மாதப் பத்திரிகைகளும் மேற்கொள்ளுதல் நலம்.

தவறு ஓவியரோடு நிற்பதில்லை. கட்டுரையின் தலைப்பையும் இரண்டொரு புகைப்படங்களையும் அனுப்பி, அச்சுக்குப் போகும் தறுவாயில் படம் கேட்கும் ஆசிரியர்களுக்கும் அதில் பங்குண்டு. வழிகாட்டும் படமானால், வடதிசையும் சரிவின் சாய்வும் ஓரத்தில் அச்சிடப்படவேண்டும். பனியை அறிந்த ஒருவர் அதை முன்கூட்டிப் பார்வையிடவேண்டும். இது கற்பனைக்கு விலங்கிடுவதாகும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆனால் வழிகாட்டாத படங்களுக்கு இந்த விதி பொருந்தாது. 1996-இல் எவரெஸ்டில் நேர்ந்த துயரத்தைப் பற்றி ஜான் கிராகவர் எழுதிய 'இன்டு தின் ஏர்' நூலுக்கு ராண்டி ராக்லிஃப் மரச்செதுக்குச் சித்திரங்கள் செய்திருக்கிறார். அவற்றில் டிகிரிக் கணக்கை யாரும் கேட்கப்போவதில்லை, ஏனெனில் அவற்றைப் பார்த்து எவரும் வழியைத் தேர்ந்துகொள்வதில்லை.