சூடானது மெஷினா, ஆபரேட்டரா?

ஓசூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள், எஸ்ஏடி தேர்வு எழுதப் போகிறாள். அவளுடைய இங்கிலீஷ் கிராமர் கைடை ஒரு வாரம் வாங்கிப் படித்தேன். மாடிஃபையர் பாடத்தில் இருப்பது ஒரே சூத்திரம்: வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு அடைத்தொடரும் கமாவும் வந்தால், கமாவை ஒட்டி வரும் பெயரைப் பார். பொருந்தாவிட்டால் அந்த ஆப்ஷனை அடித்துவிடு.

சூத்திரம் தப்பில்லை, மார்க் வரும். ஆனால் ஏன் என்று ஒரு வரி கூடச் சொல்லவில்லை. அதுதான் என் குறை.

சிப்காட் கம்பெனிகளின் ஷிப்ட் ரிப்போர்ட்டில் வருகிற மாதிரி ஒரு வரி எழுதிக் காட்டினேன்: "ஆஃப்டர் ஓவர்ஹீட்டிங், தி ஆபரேட்டர் ஸ்டாப்ட் தி மெஷின்." அவளுக்குத் தப்பே தெரியவில்லை. அதையே தமிழில் சொன்னேன்: "சூடாகி, ஆபரேட்டர் மெஷினை நிறுத்தினார்."

"ஏன் அங்கிள், அவருக்குக் கோவம் வந்துடுச்சா?" என்று சிரித்துவிட்டாள்.

கைடு சொல்லாத விதி அந்தச் சிரிப்பில் இருக்கிறது. 'செய்து', 'செய்யூ', 'செய்பு' என்ற மூன்று வினையெச்சங்களும் தம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது. அதாவது சூடானது யாரோ, நிறுத்தினதும் அவரே. இங்கிலீஷ் தேர்வு கேட்பதும் இதைத்தான். ஓசூர்த் தெருவில் காதில் விழும் மூன்று மொழிக்கும் இது பழக்கம்: தமிழில் 'வந்து', தெலுங்கில் 'வச்சி', கன்னடத்தில் 'பந்து'.

தமிழை அப்படியே நம்பினாலும் சறுக்கும். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்கிறோம். பெய்தது ஒன்று, நிறைந்தது வேறு. 'பெய்ய' என்பது 'பெய்து' எனத் திரிந்தது என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும். "ரெயினிங் ஹெவிலி, தி டேங்க் ஃபில்டு" என்று எழுதினால் இங்கிலீஷ் ஏற்காது. குளமே மழையாகப் பெய்ததாக ஆகிவிடும். தமிழ்ப் பிள்ளைக்கு எழுதுகிற கைடு இந்த இடத்தைத்தான் முதலில் காட்டியிருக்க வேண்டும்.

தேர்வு மாறிக்கொண்டே இருக்கும். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் சென்டன்ஸ் கரெக்‌ஷன் பகுதியே கிடையாது. எஸ்ஏடியில் மாடிஃபையர் கேள்வி இன்னும் வருகிறது. நாளைக்கு அங்கேயும் எடுத்துவிட்டால் கமா சூத்திரத்துக்கு வேலை இல்லை.

ரிப்போர்ட் மட்டும் நிற்காது. "வித்தவுட் செக்கிங் தி கார்டு, தி மெஷின் வாஸ் ஸ்டார்ட்டட்." பாதுகாப்பு மூடியைப் பார்க்காமல் விட்டது யார்? வரியில் ஆளே இல்லை. விபத்து நடந்த பிறகு அந்தக் காலி இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். கீழே நிற்கிற ஆளின் பெயரை எழுதுவதுதான் சுலபம்.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: கமாவைப் பார்க்கும் முன்னாடி "யாரு?" என்று கேள். அப்புறம் சூத்திரத்தைப் போடு.